மர்த்தினீக்கிலிருந்து வந்த தாள்

எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரே பெயர்தான்: ஓடிப்போனவன். வயிற்றில் பிள்ளையோடு இருந்த மனைவியை விட்டுவிட்டு, அமெரிக்கப் பக்கம் மர்த்தினீக் தீவுக்குக் கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலேறியவர். ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்தும் திரும்பவில்லை. அங்கே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அந்தப் பிள்ளைதான் என் தாத்தா. அப்பன் பேச்சை எடுத்தாலே அவர் வாயில் வசைதான் வரும்.

கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லாமல் இத்தனை பேச்சா என்று எனக்கு எரிச்சல். 1930களின் தொடக்கத்தில் தாத்தா இறந்தார். மறு வருடம் நான் பிரெஞ்சுப் பள்ளியின் பிரெவே பரீட்சையில் தேறினேன். கையில் பிரெஞ்சு இருந்தது, பிடிவாதம் பிறவியிலேயே இருந்தது.

புதுச்சேரியில் பழைய கப்பல் பதிவேடுகள் இருந்த அலுவலகத்துக்கு முதலியார்பேட்டையிலிருந்து நடந்தே போனேன். குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“கூலிக்குப் போனவன் பேரையெல்லாம் எவன் தேடுவான்? போம்மா.”

“நீங்க தேட வேணாம் முசியே. ஏட்டைக் குடுங்க, நானே தேடிக்கிறேன்.”

ஐந்தாம் முறை போனபோது தொல்லை தாங்காமல் கொடுத்துவிட்டார். கப்பலேறியபோது அவருக்கு வயது இருபத்தைந்து என்பதும் தோட்டம் இருந்த ஊரும் தெரிந்தன. அந்த ஊர் நகராட்சிக்கு எழுதினேன். இரண்டு கடிதங்களுக்குப் பதிலே இல்லை. “விட்டுத் தொலையேன்” என்றார் அப்பா. மூன்றாவதையும் போட்டேன்.

எட்டு மாதம் கழித்துக் கொள்ளுத்தாத்தாவின் இறப்புப் பதிவின் நகல் வந்தது. நான் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். வயது அறுபத்தைந்து. தொழில் கூலி. தகவல் சொன்னவர்கள் பக்கத்துக் குடிசைக்காரர்கள் இருவர். மனைவி என்ற இடத்தில் என் கொள்ளுப்பாட்டியின் பெயரும் புதுச்சேரி என்ற ஊரும் இருந்தன. அவர் சொல்லாமல் அந்தக் குடிசைக்காரர்களுக்கு அது தெரிந்திருக்காது. நாற்பது வருடமும் அவளுடைய புருஷனாகவே அங்கே வாழ்ந்திருக்கிறார். ஏன் திரும்பவில்லை என்று தாளில் இல்லை.

ஜெயித்துவிட்ட மிதப்பில் அப்பாவைப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

“எங்கப்பா சாவற வரைக்கும் அவரைத் திட்டிக்கிட்டே இருந்தாரே. மூணு வருசம் முந்தி எழுதியிருக்கக் கூடாதா நீ?”

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொதிக்கிற வெயிலில் குடைகூட எடுக்காமல் உழவர்கரைக்குப் புறப்பட்டார்.

“ஒங்க அத்தையாவது உசுரோட இருக்கா. வா, வந்து அவளுக்குப் படிச்சிக் காட்டு.”