கடல் ஒருநாள் முந்தி வந்த பட்டியல்

அந்த அறையில் முன்பு மாவும் பருப்பும் அடுக்கியிருந்தோம். சுனாமிக்கு வந்த நிவாரணம், பிறகு சண்டையில் இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கான நிவாரணம் எல்லாம் அங்கேதான் கிடந்தன. 2009இல் யுத்தம் முடிந்து சில மாதங்களில் அறையைக் கழுவி, ஏ.சி. பூட்டி, கதவில் ‘சேர்வர் அறை’ என்று கடதாசி ஒட்டினார்கள். எலிகளுக்கு மட்டும் அந்தக் கடதாசி விளங்கவில்லை. பருப்பு தின்று வளர்ந்தவை இப்போது வயரைத் தின்னத் தொடங்கின.

மட்டக்களப்பு நகரில் இருந்த ஓர் உதவி நிறுவனத்தின் கணினிப் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. பகுதி என்றால் நான் ஒருத்திதான். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்து முடித்த கையோடு, சுனாமிக்கு அடுத்த மாதம், படிவங்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு வந்தவள். அப்படியே ஐந்து வருடம் ஒட்டிக்கொண்டேன். எங்களிடம் மூன்று பட்டியல்கள் இருந்தன. கடல் வீட்டைக் கொண்டுபோனவர்கள் ஒன்று, சண்டையில் முகாமுக்கு வந்தவர்கள் ஒன்று, திரும்பக் குடியமர்ந்தவர்கள் ஒன்று. பாதிச் சனம் மூன்றிலும் இருந்தது. ஆனால் ஒரு பட்டியலில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. இவற்றை இணைக்கத் தலைமையகம் ஒரு பெரிய மென்பொருளை வாங்கியது. இனிக் கடைசிச் சுற்று வீடுகள் யாருக்கு என்பதை அதுதான் சொல்லும் என்றார்கள்.

அந்தக் கடைசிச் சுற்று வாகரைப் பக்கத்துக் கிராமங்களுக்கானது. மற்ற இடங்களில் சுனாமி வீடுகள் எப்போதோ கட்டி முடிந்து, சுவரில் வெடிப்பும் விட்டாயிற்று. வாகரைப் பக்கம் மட்டும் கட்டத் தொடங்குமுன் சண்டை வந்துவிட்டது.

எங்கள் அலுவலகத்தில் தேத்தண்ணி போடும் அக்காவும் வாகரைப் பக்கத்துக் கதிரவெளிதான். கடல் அவருடைய வீட்டையும் புருஷனையும் ஒன்றாகக் கொண்டுபோனது. மகளின் கால் முறிந்தது. பிறகு கொட்டில் போட்டு இருந்த இடத்தைச் சண்டை கொண்டுபோனது. முகாம், பிறகு செங்கலடியில் சொந்தக்காரர் வளவில் ஒரு தகரக் கொட்டில். அங்கிருந்துதான் தினமும் பஸ்ஸில் வருவார். ஆட்கள் இருந்தால் என்னை ‘மிஸ்’ என்பார், தனியே இருந்தால் ‘புள்ள’.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போவது. கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்குக் குடிவருவார். வீடில்லாத பெண்ணைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள், அதுவும் ஒரு காலைச் சாய்த்து நடக்கும் பெண்ணை. மகளுக்கு இருபத்திநாலு வயது. அக்காவுக்கு வேறு கவலை இருந்ததாக நான் கேட்டதில்லை.

“இந்தப் பெட்டியாகா வீடு தரப்போகுது?” என்று ஒருநாள் அறை வாசலில் நின்று கேட்டார்.

“ஓம் அக்கா. உங்கட பேர் ரெண்டு பட்டியலிலயும் கிடக்கு. வரும்.”

“அப்ப நல்லாத் துடைச்சு வை புள்ள” என்றார்.

துடைத்துத்தான் வைத்தேன். மாப்பிள்ளை குடிவர முன் வீட்டுக்கு வெள்ளையடித்து, கிணறு இறைத்து, படலை மாற்றுவது போல, அந்த மென்பொருள் வர முன் செய்யவேண்டியதை எல்லாம் கொழும்பு எஞ்சினியர் ஒரு நீண்ட படிவமாக அனுப்பியிருந்தார். பழைய இயங்குதளத்தை அழித்துப் புதிதாகப் போடவேண்டும். ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்கவேண்டும், மென்பொருள் எழுதும் குறிப்புகள் பெருத்து மற்ற இடத்தை விழுங்காதபடி. நினைவகம் போதுமா? சேர்வருக்கு மாறாத முகவரி இருக்கிறதா? மென்பொருளுக்கென்று தனிக் கணக்குத் திறந்தாயிற்றா? அது மற்றக் கணினிகளோடு பேசுகிற வாசல்கள் திறந்தும் மற்றவை பூட்டியும் இருக்கின்றனவா? ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். எங்கள் இணைய இணைப்பில் இறங்கவேண்டியது இறங்கி முடிய மாமாங்கத் திருவிழா வந்துவிடும் என்றேன். பிறகு எல்லாவற்றையும் இறுவட்டில் பதிந்து கொழும்பு பஸ்ஸில் கொடுத்துவிட்டார்கள். ஜெனரேட்டருக்கு டீசல், எலிக்குப் பொறி. இவை படிவத்தில் இல்லை. நானே சேர்த்துக்கொண்டேன்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, அதை மறைப்பானேன். ஐந்து வருடமாக அழிவைத் தட்டச்சு செய்தவளுக்கு, ஒரு சுத்தமான இயந்திரத்தைச் சரியாக ஆயத்தம் செய்வது பெரிய ஆறுதல். அந்த ஆறுதலில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் ஏறிவிட்டது.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. பழைய பட்டியல்களில் உள்ள நேரங்கள் எல்லாம் ஒரே கணக்கில் இருக்கின்றனவா? எஞ்சினியரைத் தொலைபேசியில் கேட்டேன்.

“இலங்கைக்கு ஒரே நேரந்தானே மிஸ். ஆம்னு போட்டுட்டு விடுங்க” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். கொழும்பில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? தொண்ணூறுகளில் அரசாங்கம் மின்சாரம் மிச்சம் பிடிக்கவென்று கடிகாரத்தை முன்னே தள்ளியது. அதோடு சண்டை பிடித்த இயக்கம் தன் பகுதியில் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டது. 2006 சித்திரையில் அரசாங்கம் தானே பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை எங்கள் மாவட்டத்தில் இரண்டு நேரம் ஓடியது. வாவிக்கு இந்தப் பக்கம் எட்டரை என்றால் அந்தப் பக்கம் படுவான்கரையில் எட்டு. இயக்கத்தின் கையில் இருந்த வாகரையிலும் எட்டு. கலியாணக் கடிதம் கொண்டுவருகிறவரிடம் முகூர்த்தம் பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்காமல் யாரும் கடிதத்தை வாங்கமாட்டோம். ஒரு படகுத் துறையைக் கடக்கிறபோது கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டு போன சனம் நாங்கள்.

இதையெல்லாம் அவருக்கு விளக்கினேன். சுனாமிப் பதிவுகளில் இந்தப் பக்கம் எழுதியவை புதிய நேரத்தில் இருக்கின்றன, அந்தப் பக்கம் எழுதியவை பழைய நேரத்தில் இருக்கின்றன, இன்றைய நேரத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் இந்தப் பக்கத்தவற்றில் மட்டும் அரைமணி கழிக்கவேண்டும் என்றேன்.

“அடேயப்பா. எனக்கு இது தெரியாது. நீங்களே செஞ்சிடுங்க” என்றார்.

அந்த ‘அடேயப்பா’ எனக்கு அன்று முழுவதும் இனித்தது. ஒரு வரியில் கட்டளை எழுதினேன். இந்தப் பக்கத்தில் பதிந்த படிவங்களின் நேரமெல்லாம் அரைமணி பின்னே போகட்டும். பத்துப் படிவங்களை எடுத்து, பதிந்த நேரத்தைக் கடதாசியோடு ஒப்பிட்டேன். கணக்குப் பிசகவில்லை. ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மென்பொருள் ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறியது. தலைமையகத்திலிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது.

அந்தச் சுனாமிப் படிவங்களில் நான் பார்க்காத கட்டம் ஒன்று இருந்தது. வீடு அழிந்த நாள். அதில் நாளை மட்டும்தான் எழுதியிருந்தோம், மணியை யாரும் எழுதவில்லை. மணி எழுதாத நாளைக் கணினி அந்த நாளின் நள்ளிரவுப் பூச்சியமாக எடுத்துக்கொள்ளும். பூச்சியத்திலிருந்து அரைமணி கழித்தால் முதல்நாள் பதினொன்றரை. டிசம்பர் இருபத்தாறு, இருபத்தைந்தாகிவிட்டது. இருபத்தைந்தாம் திகதி எந்தக் கடலும் எந்த வீட்டையும் உடைக்கவில்லை. மென்பொருள் நியாயமான மென்பொருள். அனர்த்தம் நடக்காத நாளில் வீடிழந்ததாகச் சொன்னவர்களை அது தள்ளிவிட்டது.

வாகரைச் சனத்தில் பெரும்பாலானவர்கள் ஊரிலேயே, பழைய நேரத்தில் பதிந்தவர்கள். அவர்களை என் கட்டளை தொடவில்லை. இந்தப் பக்கம் பதிந்தவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள்தான். காயப்பட்டவர்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். கால் முறிந்த மகளோடு மட்டக்களப்பு ஆஸ்பத்திரி விறாந்தையில் கிடந்தபோதுதான் அக்காவின் படிவத்தை நிரப்பினார்கள்.

பெயர்ப்பட்டியலைக் கிராம அலுவலகத்தில் ஒட்டிய மறுநாள் அக்கா வந்தார். பக்கத்து வளவுக்காரருக்கெல்லாம் வந்திருந்தது. இவருக்கு மட்டும் இல்லை. காரணத்தை ஒரு துண்டில் எழுதி வாங்கிவந்திருந்தார். சேதத் திகதி பொருந்தவில்லை.

“அந்த வரிசையில எல்லாருக்கும் வீடு வந்திரிக்கு புள்ள. எனக்கு மட்டும் திகதி பிழையாம். பக்கத்து வளவுக்காரி கேக்காள், அப்ப நீ சுனாமியில வீட்ட இழக்கல்லியோ எண்டு.”

பார்க்கிறேன் என்று சொல்லி அறைக்குள் போய் அவருடைய பதிவைத் திறந்தேன். 25. முதலில் தட்டச்சுப் பிழை என்று நினைத்தேன். அடுத்ததையும் திறந்தேன், அதற்கடுத்ததையும். இந்தப் பக்கம் பதிந்த எல்லாவற்றிலும் 25. அதுவரை நான் சபித்த ஆட்கள் எல்லாம் வேறு யாரோவாகத்தான் இருந்தார்கள். சீருடை போட்டவர்கள், துவக்குப் பிடித்தவர்கள், கொழும்பில் இருப்பவர்கள். கொழும்பில் இருந்தவர் சொன்னபடி பேசாமல் ‘ஆம்’ போட்டிருந்தால் அக்காவுக்கு வீடு வந்திருக்கும். ஊரைத் தெரிந்த என் கெட்டித்தனம்தான் அதைப் பறித்தது.

எஞ்சினியரைக் கூப்பிட்டேன். திகதிகளைத் திருத்துவது பெரிய விஷயமில்லை, ஆனால் வீட்டு ஒதுக்கீட்டுப் பட்டியல் மேலே போய்விட்டது, இனி எங்களால் தொடமுடியாது என்றார். பாதிக்கப்பட்டவர் மேன்முறையீடு எழுதலாம். இல்லையென்றால், பிழை ஆயத்த வேலையில் நடந்தது என்று அலுவலகமே எழுதவேண்டும்.

“அதுக்கு நான் அனுப்பின அந்த ஆயத்தப் படிவம் வேணும் மிஸ். அதில யாரு கையெழுத்துன்னு உங்களுக்கே தெரியும்” என்றார். மிரட்டவில்லை. எனக்காகக் கவலைப்பட்டே சொன்னார்.

யுத்தம் முடிந்ததோடு உதவி நிறுவனங்கள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தன. எங்கள் அலுவலகத்திலும் ஆட்களைப் பாதியாக்கப்போகிறார்கள் என்ற கதை ஓடியது. என் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நான் அலுவலகத்துக்கு ஒன்றும் எழுதவில்லை. பட்டியலில் திகதிகளை மட்டும் சத்தமில்லாமல் திருத்தினேன்.

பின்னேரம் எல்லோரும் போன பிறகு அக்கா வாசலில் வந்து நின்றார். பேச வாயெடுத்தேன். அதற்குள் அவரே தொடங்கிவிட்டார்.

“நான் யோசிச்சுப் பாத்தன் புள்ள. பிழை என்னிலதான். அண்டைக்கு ஆஸ்பத்திரியில அந்தப் பொடியன் திகதி கேக்கக்குள்ள எனக்கு ஒண்டும் விளங்கல்ல. அவரைத் தேடிப் போறதோ, புள்ளையப் பாக்கிறதோ எண்டு நிண்டன். என்னத்தச் சொன்னனோ தெரியா. இருபத்தஞ்செண்டுதான் சொல்லிற்றன் போல.”

இல்லை அக்கா, நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்.

“கடிதம் எழுதினா பாப்பாங்களாம். எனக்கு அப்பிடி எழுதத் தெரியா. நீ எழுதித் தாவன்.”

எழுதினேன். கணினியில் அடிக்காமல் கையால் எழுதச் சொன்னார். அதுதான் மரியாதை என்றார். என் கையெழுத்து அழகானது. பள்ளிக்கூடத்தில் அதற்குப் பரிசும் வாங்கியிருக்கிறேன். ‘அனர்த்தத்தின் பின்னரான மனக்குழப்பத்தில் சேதத் திகதியை நான் தவறாகக் கூறிவிட்டேன். எனது கவனக்குறைவினால் தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிப்புக் கோருகின்றேன்’ என்று எழுதினேன். ‘எனது’ என்ற சொல்லும் மற்றவற்றைப் போலவே அழகாக விழுந்தது. அது எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லா எழுதியிருக்காய் புள்ள” என்றார். “என்ட பிழைய ஒண்டும் ஒளிக்காம எழுதியிருக்காய்.”

பிறகு பேனையை வாங்கி, கோடு போட்ட இடத்தில், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தித் தன் பெயரை எழுதினார்.