செல்வினும் அவன் குறைத்துக்கொண்டே போன சத்தமும்

செல்வின் போய்விட்டான். நேற்று மதியம், தஞ்சாவூரில், சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டானாம்... மாரடைப்பு.

காலையிலிருந்து ஆளாளுக்கு என்னை டேக் செய்கிறீர்கள். "சார், அவங்க பேண்டோட முதல் டிரம்மர் நீங்கதானே, ரெண்டு வரி எழுதுங்க."

எழுதுகிறேன். நல்ல வரியாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவன் மேல் எனக்குக் கோபம். அவன் செத்ததால் அது குறையவில்லை.

என்னைக் கணக்கு வாத்தியாராக மட்டும் தெரிந்தவர்களுக்காக... கேபிள் டிவி வந்த புதிதில், நீடாமங்கலத்தில் நாங்கள் நான்கு பேர் ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தோம். பெயர் 'கேட் கீப்பர்ஸ்'. செல்வின் கித்தாரும் பாட்டும், நான் டிரம்ஸ்.

எங்கள் ஊரில் ரயில்வே கேட்டைச் சாத்தினால் எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் வெந்துகொண்டே செல்வின் எழுதிய பாட்டுதான் 'கேட்டைத் திற'. மூன்றே நிமிடம். பாட்டு என்பதைவிடச் சண்டை என்று சொல்லலாம்.

ஒரு ரைஸ் மில் குடோனில் வாசித்துப் பழகுவோம். மில் முதலாளி ஒருநாள் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம்.

"தம்பிங்களா, நீங்க வந்ததுலேருந்து ஒரு எலியைக் காணோம். இன்னும் கொஞ்சம் சத்தமாவே வாசிங்க."

எங்களுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். செல்வின் அன்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் ஊரில் பாதிப் பிள்ளைகள் அமெரிக்கா, சிங்கப்பூர் என்று போனார்கள். அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் செய்ய லீவில் வந்தார்கள். அப்படி ஒருவர் எங்களைத் திருக்கடையூர் மண்டபத்துக்குக் கூப்பிட்டார்.

மாலையும் கழுத்துமாகப் பெரியவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருக்க, நாங்கள் 'கேட்டைத் திற' என்று கத்துகிறோம்! யோசித்துப் பாருங்கள். இரண்டாவது வரியிலேயே பந்தியிலிருந்து ஆள் வந்துவிட்டது.

செல்வின் என் பக்கம் திரும்பினான். "வாத்தியாரே, டிரம் மேல ஒரு துண்டைப் போடுங்க. பெரியவங்க பேசிக்கணுமாம்."

போட்டேன். அன்று அது சரிதான். தப்பு எங்களுடையதுதான்.

ஆனால் அடுத்த கச்சேரியிலும் துண்டு. அதற்கடுத்ததில் இரண்டு துண்டு. பிறகு சத்தம் குறைந்த குச்சிக்கு மாறச் சொன்னான். பிறகு கித்தாரில் அந்த உறுமல் போனது. 'கேட்டைத் திற' ஆறு நிமிடப் பாட்டானது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, கேட் கீப்பரின் காலில் விழுவது போலப் பாடினான்.

கடைசியில் அவன் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு கீபோர்டு கொண்டுவந்தார். ஒரு பட்டனை அமுக்கினால் தாளம் தானாக ஓடும். செல்வின் என் பள்ளிக்கூட வாசலுக்கே வந்தான்.

"இனிமே நீங்க சிரமப்பட வேணாம் வாத்தியாரே."

"சிரமம்னு நான் எப்படா சொன்னேன்?"

"இல்ல... நீங்க பாதிப் பாட்டுல வேகம் புடிச்சிடுறீங்க. மெஷின் அப்படி ஓடாதுல்ல. நம்ம சவுண்டும் பக்குவப்படணும்."

"இது பக்குவம் இல்லடா, பயம்."

"பயம்னே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான். என்னை வாசலில் நிற்க வைத்துவிட்டு.

நான் வேகம் பிடிப்பேன் என்பது உண்மை. மறுக்கவில்லை. அதற்கு என்னைத் திட்டியிருக்கலாம். பட்டனை வைத்தா என்னை மாற்றுவது?

இன்று உங்களில் பலர் 'காலப்போக்கில் அவர் இசை முதிர்ந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் படித்தவர்களும்தான். ஓர் உதாரணம் சொல்கிறேன், தொழில் பழக்கம்.

மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் ஆற்றில் முதலில் நுரையும் சருகுமாக வரும். கடைமடையில், வாய்க்காலின் கடைசி வயலில், சத்தமே இல்லாமல் கசியும். அதைப் பார்த்துத் தண்ணீர் முதிர்ந்துவிட்டது என்று எந்த விவசாயி சொல்வார்? வழியில் குறைந்துபோச்சு என்றுதான் சொல்வார்.

இன்னொன்று. வேலைக்குச் சேர்ந்த வருடம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்தினேன். ஓய்வுபெறும்போது மெதுவாகத்தான் பேசினேன். ஆனால் கடைசி பெஞ்சுக்குக் கேட்டது. அதைத்தான் நான் முதிர்ச்சி என்பேன். செல்வினின் பிற்காலப் பாட்டு முதல் வரிசை சோபாவைத் தாண்டியதில்லை.

பல வருடம் கழித்து ஒரு டீக்கடையில் பார்த்தோம். 'கேட்டைத் திற' பாட்டைப் புதிதாகப் பதிவுசெய்து சி.டி. போட்டிருந்தான். அவன் காரிலேயே போட்டுக் காட்டினான்.

"எப்படி இருக்கு?"

"தூக்கம் வருது."

பாட்டை நிறுத்தினான். பிறகு, "உங்களுக்கு மட்டும் வயசே ஆக மாட்டேங்குது வாத்தியாரே" என்றான்.

புகழ்ந்தானா, குத்தினானா... தெரியவில்லை. அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

சற்றுமுன் அவன் மகன் ஜோயல் போன் செய்தான்.

"அங்கிள், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சர்ச் ஹால்ல அப்பாவுக்குக் கூட்டம். 'கேட்டைத் திற' வாசிக்கிறோம். டிரம்ஸுக்கு நீங்கதான் வரணும்."

அவனே தொடர்ந்தான். "கொஞ்சம் லைட்டா வாசிங்க அங்கிள். பெரியவங்கல்லாம் வருவாங்க."

"எனக்கு அறுபத்தேழு ஆகுது ஜோயல். என்னைவிடப் பெரியவங்க யாருடா?"

சிரித்தான். அப்பனின் அதே சிரிப்பு. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"வரேன். ஆனா லைட்டால்லாம் எனக்கு வராது. வேணாம்னா இப்பவே சொல்லிடு."

"அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன் அங்கிள்" என்றான். பத்து நிமிடத்தில் செல்வினின் மனைவி மெர்சியிடமிருந்தே போன். அழுத குரல். "வாங்கண்ணே. உங்க இஷ்டத்துக்கு வாசிங்க. ஹால்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

போய் வாடா செல்வின்.

ஞாயிற்றுக்கிழமை உன் பாட்டு மூன்றே நிமிடம்தான். வேண்டாம் என்று சொல்ல நீ இல்லை.