கடலும் கிணறும் வரைந்த நோட்டீஸ்

அள்ளிவந்த நல்ல தண்ணீர் தீர்ந்துபோன காலைகளில், வீட்டு வளவுக் கிணற்றின் உவர்த் தண்ணீரில் போட்ட "தேத்தண்ணி" வெகுநேரம் நாக்கின் ஓரத்தில் கரித்துக்கொண்டிருக்கும். வேலணைத் தீவில் என் சிறுவயது அந்தக் கரிப்போடுதான் கழிந்தது. நல்ல தண்ணீருக்கு அம்மா சயிக்கிளில் இரண்டு பிளாஸ்டிக் "கான்"களைக் கட்டிக்கொண்டு மண்கும்பான் வரை போய்வர வேண்டும். இடுப்பு வலியோடு அம்மா சயிக்கிளை உருட்டி வருவதைப் பார்க்க அப்பாவுக்குப் பொறுக்காது.

ஒரு நாள் ஒலிபெருக்கி கட்டிய வான் ஒன்று சந்தியில் வந்து நின்றது. தண்ணீர் பில்டர் விற்க வந்தவர் கலங்கல் தண்ணீரை அதன் மேலே ஊற்றினார்; கீழே குழாயைத் திறந்ததும் பளிங்கு போலத் தண்ணீர் விழுந்தது. அவர் தந்த நோட்டீசில் கடல், கடலோரம் ஒரு கிணறு, பக்கத்தில் சிரித்தபடி தண்ணீர் குடிக்கும் ஒரு சிறுமி. தீவில் பிறந்தவர்களுக்கு அந்தப் படம் வேறு எதைத்தான் சொல்லும்? அப்பா அன்றைக்கே ஒன்று வாங்கினார்.

குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் அது சொட்டுச் சொட்டாக நிறைந்த அந்தப் பின்னேரம் முழுவதும், பிரிந்த உப்பு அடியில் வெள்ளை மணலாகக் குவியும், அதில் வீடு கட்டி விளையாடலாம், இனி அம்மா எங்கும் போகாமல் என்னோடேயே இருப்பார் என்று கனவு கண்டபடி அதன் முன்னால் குந்தியிருந்தேன்.

முதல் பேணித் தண்ணீரை அப்பா அம்மாவிடம் நீட்டினார். அம்மா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அடுத்து நான் குடித்தேன். அதே கரிப்பு. வாய் திறக்கப்போன என்னை அம்மா ஒரு பார்வை பார்த்தார். பிறகு அப்பாவும் குடித்தார். நோட்டீசை எடுத்து விரித்தார். அடியில், எறும்பளவு எழுத்தில், உப்பு நீருக்கு இது உகந்ததல்ல என்று போட்டிருந்தது.

"வடிவா வாசிக்காதது என்ர பிழைதான்" என்றார் அப்பா. அம்மா கான்களை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அதன்பிறகு எதை வாங்கப் போனாலும், "என்னை நம்பேலாது, கொம்மாவைக் கேள்" என்பது அப்பாவின் வழக்கமாகிவிட்டது.

இப்போது கொழும்பில், பொருள் வாங்கி ஏமாந்தவர்கள் கொண்டுவரும் பாவனையாளர் முறைப்பாடுகளைப் பார்ப்பது என் வேலை. சட்டப்படி, ஒரு விளம்பரத்தின் சொற்கள் தனித்தனியே உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. முழுவதையும் பார்க்கும் சாதாரண மனிதர் அதிலிருந்து என்ன விளங்கிக்கொள்வார் என்றே பார்க்க வேண்டும். பெரிதாகக் காட்டியதை அடியில் சின்னதாக எழுதி இல்லாமலாக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்து இதை முதலில் படித்த அன்று, அந்தச் சாதாரண மனிதரின் இடத்தில் எனக்கு அப்பாதான் தெரிந்தார். அழுதுவிட்டேன்.

போன மாதம் ஊருக்குப் போனேன். முற்றத்துக்கே குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. கான்கள் இல்லை, அம்மாவும் இல்லை.

"அப்பா, அண்டைக்கு அது உங்கட பிழையில்லை. அப்பிடி விளம்பரம் போட்டது அவையின்ர பிழை. சட்டமே அப்பிடித்தான் சொல்லுது" என்றேன்.

அப்பா எழுந்துபோய், சொட்டிக்கொண்டிருந்த முற்றத்துக் குழாயை இறுக்கி மூடினார். பிறகு, "கொம்மா இருக்கேக்க இதைச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்றார்.