லைற் செக்குக்கு வந்த பதினான்கு பேர்

1. வேலை

மெல்பேர்னில் ஒரு பல்கலைக்கழகத்தின் சின்ன அரங்கில் இருபத்திரண்டு வருடங்கள் லைற் ரெக்னீசியனாக இருந்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். யாழ்ப்பாணத்தில் வீடுகளுக்கு வயரிங் செய்து பழகிய கை. இங்கே வந்து கலைக்கு வெளிச்சம் போட்டது. கலைக்கு அதனால் வெளிச்சம் கிடைத்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.

என் அரங்கில் நடந்த பாடங்களிலே ஆகப் பெரிய பாடம், தற்கால இத்தாலிய நாடகமும் நடனமும் நிகழ்த்துகலையும். முதல் நாள் நான் கண்டது இதுதான்: ஒரு மாணவன் கதிரையில் இருபது நிமிடம் சும்மா இருந்தான். எல்லோரும் மூச்சை அடக்கிப் பார்த்தார்கள். விரிவுரையாளர் லூச்சியா, இத்தாலியப் பெண்மணி, கண்ணைத் துடைத்தார். அடுத்த கிழமை அதே கதிரையில் நான் இருபது நிமிடம் இருந்தேன். ஓய்வு நேரம் தாண்டிவிட்டதாக மனேஜர் மெயில் போட்டார்.

"மேடையில் நடிக்கவே தேவையில்லை, சாதாரண மனிதரின் சாதாரண உடம்பு போதும்" என்பது லூச்சியாவின் கொள்கை. எங்கள் சனம் கலியாண வீட்டு வீடியோவில் காலங்காலமாகச் செய்வது அதைத்தான். ஒருவருக்கும் பட்டம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

தமிழ்ப் பிள்ளைகள் அந்தப் பாடத்தின் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. தர்சிகா வந்தாள். அவளுடைய தகப்பன் சிவம் மல்கிரேவில் என் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி இருப்பவர். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் ஓர் ஆஸ்பத்திரி லோன்றியில் படுக்கை விரிப்புகள் தோய்த்து மடிக்கிற வேலை. மூன்றாம் வருடம் தர்சிகாவுக்கு இத்தாலியில் ஆறு மாதம் படிக்க இடம் கிடைத்தது. தகப்பன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"ஒருக்கா வந்து பாக்கிறன். பாத்துட்டுச் சொல்லுறன். சரிவராட்டி அடுத்த வருசம் அக்கவுண்டிங்" என்று முடித்துவிட்டார்.

அவர் பார்க்கப்போவது அவளுடைய இறுதிப் பரீட்சை. தனியே இருபது நிமிடம் நிகழ்த்த வேண்டும். அவளுக்குப் புள்ளிகளைப் பற்றிக் கவலை இல்லை. அப்பாவைப் பற்றித்தான்.

2. என்னுடைய புத்திசாலித்தனம்

"அங்கிள், ரெலடிவ்ஸுக்கு வாட்ஸப்பில அனுப்ப ஒரு இன்வைட் தமிழில எழுதித் தருவீங்களா? எனக்குத் தமிழ் வாசிக்க வராது" என்று தர்சிகா கேட்டாள்.

எழுதிக் கொடுத்தேன். நிகழ்ச்சி ஆறு மணிக்கு. நான் "சரியாக மாலை ஐந்து மணி" என்று போட்டேன். எங்கள் சனத்துக்கு உண்மையான நேரத்தைச் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அரங்கேற்றங்கள், பிறந்தநாள்கள், கோயில் கூட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போட்டுத்தான் பழக்கம். பெரிய கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

என் கணக்கில் விட்ட பிழை ஒன்றுதான். இது ஹோலில் நடக்கும் பிறந்தநாள் அல்ல, யூனிவேர்சிற்றி. யூனிவேர்சிற்றி என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பயபக்தி. சிவத்தோடு சேர்த்து அழைத்த பதினான்கு பேரும் நாலு ஐம்பதுக்கே வந்துவிட்டார்கள். பட்டுச்சேலை, கோட்டு, பொன்னாடை எல்லாவற்றோடும்.

நாங்கள் அப்போது கியூ பார்த்துக்கொண்டிருந்தோம். கியூ பார்ப்பது என்றால் நிகழ்ச்சியை நடத்துவதல்ல, விளக்கு மாறும் இடங்களை மட்டும் தாவித்தாவிச் சோதிப்பது. மேடையில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் ஒரு குவியலாகக் கிடந்தன. தர்சிகா அதன் பக்கத்தில் நிற்பாள். நான் மேலே கண்ணாடி அறையில் இருந்து நீலம் போடுவேன். அவள் மூன்று அடி நடந்து நிற்பாள். நான் மஞ்சள் போடுவேன். "நெக்ஸ்ட்" என்பாள். இருபத்தைந்து நிமிடம் இதுதான்.

கதவைப் பூட்டாமல் விட்டவன் நான். அவள் கண்ணில் வெளிச்சம் அடித்ததால் இருட்டில் இருந்தவர்களை அவள் காணவில்லை. எங்கள் சனம் சத்தம் போடாமல் ஓர் இடத்தில் இருந்ததை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன். அதுவும் முடிந்த பிறகுதான் கண்டேன்.

கடைசி விளக்கை அணைத்தேன். கைதட்டல் கேட்டது.

அரங்க விளக்கைப் போட்டேன். தர்சிகாவின் பெரியப்பா மேடையேறி அவளுக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார். "நல்ல மொடேர்ன். லைற்றெல்லாம் திறம்" என்றார் ஒரு மாமி. என் தொழிலை அதுவரை ஒருவரும் அப்படிப் பாராட்டியதில்லை. எல்லோரும் படம் எடுத்தார்கள். பிறகு நகரத்தின் மறுகோடியில், வெரிபீயில் ஒரு பிறந்தநாளுக்குப் போக வேண்டும் என்று இரண்டு வான் வண்டிகளில் ஏறிப் பறந்துவிட்டார்கள்.

சிவம் மட்டும் மேடைக்குக் கீழே நின்றார்.

"சரி, பாத்தாச்சு. இதுக்கோ மூண்டு வருசம்?"

"அப்பா, நோ, திஸ் இஸ்ன்ற்..."

அவர் திரும்பி நடந்துவிட்டார். தர்சிகா பொன்னாடையோடு அந்தத் துணிக் குவியலில் குந்தி அழத் தொடங்கினாள். செய்தவன் நான். பேச்சு வாங்கியது பிள்ளை.

3. கார் பார்க்

ஓடினேன். இந்த வயதில், இந்த முழங்காலோடு. வெளியேறும் தடுப்பில் ரிக்கற் மெஷின் சிவத்தின் கார்டை மூன்றாம் தரமும் துப்பிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு மெஷினும் ஒழுங்காக வேலை செய்வதில்லை. அன்றைக்கு அதற்கு மனதார நன்றி சொன்னேன்.

"சிவம், நில்லும்!"

"என்ன அண்ணை, இன்னும் இருக்கோ?"

"இன்னும் தொடங்கவே இல்லை. நீர் பாத்தது என்ர லைற் செக்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "என்ர அண்ணர் பொன்னாடையெல்லாம் போத்திப் போட்டார்!"

"ரைமைப் பிழையாப் போட்டது நான். பேசிறதெண்டால் என்னைப் பேசும். பிள்ளை அழுதுகொண்டிருக்கு."

பிள்ளை அழுகிறது என்றதும் என்ஜினை நிறுத்தினார். ஆனாலும் இறங்கவில்லை.

"உண்மையாச் சொல்லுங்கோ அண்ணை. எனக்கு விளங்குமோ?"

"இத்தனை வருசமா எனக்கே விளங்கேல்லை. வாரும்."

4. ஆறு மணி

லூச்சியா, இன்னொரு பரீட்சகர், பத்து மாணவர்கள், கடைசி வரிசையில் சிவம். வெரிபீக்குப் போன பதின்மூன்று பேர் அந்நேரம் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

தர்சிகா ஒரு விரிப்பை எடுத்து உதறினாள். மடித்தாள். அடுத்ததை எடுத்தாள். உதறினாள், மடித்தாள். அவ்வளவுதான். வேகம் கூடிக்கூடிப் போனது. ஒவ்வொரு ஐந்தாவது விரிப்புக்கும் இடது கையால் வலது தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, ஒருவரும் காணவில்லை என்பது போலத் திரும்ப மடிப்பாள். கடைசி வரிசையில் சிவம் முன்னுக்குச் சரிந்து இருந்ததை மேலேயிருந்து கண்டேன்.

பிறகு ஒரு விரிப்பின் மறுமுனையைப் பார்வையாளர் பக்கம் நீட்டினாள். யாராவது வந்து பிடிக்க வேண்டும். பார்வையாளர் பங்கேற்பு என்று மூன்று வருடம் கட்டுரை எழுதிய பத்துப் பேரும் தங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிவம் எழுந்து போனார்.

"விளிம்பை விடாதை. முதல் நீட்டுப் பக்கம். ஓம், இப்ப இழு."

இரண்டு பேரும் மடித்தார்கள். இருபதாவது நிமிடம் விளக்கை அணைக்க வேண்டும் என்பது கடைசிக் கியூ. சிவத்துக்கு அது தெரியாது. குவியல் முடியாமல் வேலையை விடுகிற ஆள் அல்ல அவர். என் விரல் சுவிட்சில் இருந்தது. அழுத்த மனம் வரவில்லை. அத்தனை வருட வேலையில் நான் வேண்டுமென்றே விட்ட கியூ அது ஒன்றுதான். கடைசி விரிப்பு முடியும்போது முப்பத்தைந்து நிமிடம்.

லூச்சியா வழக்கம்போல அழுதார். இந்தத் தடவை அவரைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் அதே நிலைமைதான்.

விளக்குகளைக் கழற்றும்போது சிவம் ஏணியடியில் வந்து நின்றார்.

"அண்ணை, தோள் நோவெண்டு நான் வீட்டை ஒருநாளும் சொன்னதில்லை. மனிசிக்கே தெரியாது. இவளுக்கு எப்பிடித் தெரியும்?"

அந்தப் பாடத்தை இத்தனை வருடம் நக்கலடித்த வாய் என்னுடையது. வெட்கமாகத்தான் இருந்தது.

"உம்மைப் பாத்துத்தான். அப்பிடிப் பாக்கத்தான், சிவம், அவள் இஞ்ச படிச்சவள்" என்றேன்.

அவர் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "இத்தாலியில இப்ப குளிரோ?" என்று கேட்டார்.