பிரிக்காத பொட்டலம்

முடிவெடுக்க முடியாத காரியங்களுக்கு எங்கள் ஊரில் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே வாழையிலையில் பொதிந்து, சுவாமி முன் வைத்து, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட வேண்டும். கச்சேரியில் அரச உத்தியோகம் பார்த்து, ஒரு சுற்றுநிருபத்தையும் மீறாமல் ஓய்வுபெற்ற எனக்கு இதுவும் ஒரு சுற்றுநிருபம்தான்.

கலியாணமான புதிதில் கனடாவிலிருந்து என் அண்ணை எங்களைக் கூப்பிட்டார். மனைவி பூக்கட்டினாள், நான் எடுத்தேன். சிவப்பு. போகவில்லை. பிறகு போரில் வந்த இடப்பெயர்வுகள், கூரை போன வீடு, எல்லாவற்றுக்கும் “முருகன் சொன்னபடி இருந்தோம்” என்று ஒரே பதில் வைத்திருந்தேன். கணக்காய்வாளர்கூடக் கேள்வி கேட்க முடியாத பதில்.

போன மாதம் மனைவியின் இதயத்தில் அடைப்பு என்றார்கள். சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார் டொக்டர். அவள் மாட்டேன் என்றாள். நான் கெஞ்சியதில் கடைசியாக இறங்கி வந்தாள்.

“பூக்கட்டிப் பாப்பம். இந்தமுறை நீங்கள் கட்டுங்கோ.”

கட்டினேன். இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டை. என் முதல் மோசடி, அதுவும் முருகனிடம்.

கோயிலில் அவள் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

“சரி, எழும்பும்,” என்றேன்.

“மற்றதையும் பிரியுங்கோ.”

“அது முறையில்லை.”

“உங்கடை முறையைக் கச்சேரியிலை கொண்டுபோய் வையுங்கோ.”

அவளே பறித்துப் பிரித்தாள். ஏசுவாள் என்று நின்றேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“கனடாவுக்குப் பூக்கட்டின அண்டைக்கு நானும் இதைத்தானே செய்தனான். இரண்டிலையும் செவ்வரத்தை.”

தூணைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏனப்பா?”

“சட்டம் கதைக்கிற உங்கடை வாய்க்கு அங்கை ஆர் வேலை தருவினம்? ஒரு கிழமையிலை அண்ணையே றோட்டிலை விட்டிருப்பார்.”

விதி என்றும் தற்செயல் என்றும் நான் ஆயுள் முழுக்க வியாக்கியானம் செய்த காரியத்துக்கு அடிப்படை, என் வாயைப் பற்றிய ஒரு பெண்ணின் மதிப்பீடு. அது சரியான மதிப்பீடு என்பது இன்னும் பெரிய அதிர்ச்சி.

“ஒப்பிரேசனுக்கு வாறன்,” என்றாள் அவள். “ஆனால் முருகன் சொன்னதெண்டு ஒருத்தரோடையும் கதைக்காதேங்கோ. நீங்கள் கேட்டபடியால்தான் வாறன்.”

நாளை காலை அவளை உள்ளே கொண்டுபோகிறார்கள். ஏதும் பிழையாகிப் போனால் சொல்ல என்னிடம் இப்போது ஒரு பதிலும் இல்லை.