எல்லாரும் சேர்ந்து எழுதிய வசனம்

செங்கம் சாலையில் புதிதாகத் திறந்த காப்பிக் கடையில் நேற்று மழைக்கு ஒதுங்கினேன். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வறுத்த வேர்க்கடலையை, நம் ஊர் மல்லாட்டையை, உடைத்துத் தோலை ஊதினார். அந்தத் தூசியின் வாசனை ஏறியதும் இடம் புரிந்துவிட்டது, நண்பரே. ஓட்டு வீடாயிருந்த இதே அறையில்தான் நாங்கள் பதினொருவர் ஓர் அயல்நாட்டுப் போராட்ட நாடகத்தைத் தமிழாக்கினோம்.

கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஆங்கிலத்தைப் படித்துப் பொருள் சொல்வார். ஒவ்வொரு வரியையும் எல்லோரும் சொல்லிப் பார்ப்போம். பதினொரு வாயிலும் இடறாமல் வந்ததே தாளில் ஏறும். யார் எழுதியது என்று எவர் கேட்டாலும், ‘எல்லாரும்’ என்பதே விடை. அது எங்கள் சட்டம். கடவுளை மறுப்பவர்கள் நடுவே நீறு பூசிய நெற்றியோடு நான் அமர்ந்தது, என் கையெழுத்து அழகாயிருந்த ஒரே காரணத்தால்.

ஆலையில் உழைக்கும் தாய் ஒருத்தி முதலாளியை எதிர்த்துப் பேசும் இடம் வந்தது. கோயிலில் பாடிப் பாடிப் பதிகங்களில் ஊறிய நான், “யாக்கையை ஈந்தோம், ஆவியையும் வேண்டுதியோ?” என்றேன்.

“ஐயா, சாமிகிட்ட பேசற மாதிரி இருக்கு. மொதலாளிகிட்ட பேசுங்க,” என்றாள் எல்லம்மா. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து, இங்கே மல்லாட்டை உடைக்கும் மில்லில் வேலை செய்தவள். அறையே சிரித்தது. அவள் இருமி முடித்துச் சொன்னாள்: “நெஞ்சு முழுக்க உன் மில்லு தூசிதான்யா. நான் செத்தா வேகப்போறது ஒடம்பில்ல, உன் மல்லாட்ட தோலு.”

சிரிப்பு நின்றது. பதினொருவரும் சொன்னோம், ஒரு நாவும் இடறவில்லை.

தெருவில் நாடகம் நடந்த மறுநாள், நாங்கள் கூடியிருந்தபோது அவளுடைய முதலாளியே வந்தார். கோயில் திருப்பணிக்கு வாரி வழங்கியவர். என் பாட்டுக்குக் கண் கலங்குபவர்.

“ஊரே என் மில்லத்தான் சொல்றீங்கன்னு சிரிக்குது. யாரு எழுதனது? ஐயா, கையெழுத்து உங்களுதாச்சே?”

விடை எல்லோருக்கும் தெரியும். நான் தரையைப் பார்த்தேன். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

“அவரு எழுதனதோட சரிங்க. சொன்னது நான்தான்,” என்றாள் எல்லம்மா.

“அப்ப நாளையிலேர்ந்து நீ வராத.”

அன்று மாலையும் சந்நிதியில், அச்சமின்மையைப் போற்றும் பதிகத்தை ஒரு சொல் பிழையாமல் பாடினேன்.

வேறெந்த மில்லும் அவளைச் சேர்க்கவில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனாள். இருமலோடு திரும்பியவள் இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. சுடுகாட்டில் பாட என்னைத்தான் அழைத்தார்கள். சிதையில் தீ பிடித்ததும் அவளுடைய வரி நினைவில் எழுந்தது. பாட்டு பாதியில் நின்றது.

மில் இருந்த இடத்தில் இன்று தங்கும் விடுதி. எங்கள் கூட்டம் முதலாளி வந்துபோன அன்றே கலைந்தது. தாள்களைக் கரையான் தின்றது. யார் எழுதியது என்று இப்போது கேட்டால், ‘எல்லாரும்’ என்று உரக்கச் சொல்லிவிடுவேன்.

கடைப்பெண் அருகில் வந்தாள்.

“என்ன வேணுங்க?” என்றுதான் கேட்டாள்.