காத்தாடி பிளைட்டும் ஒரு சம்பந்தமும்

இன்று நாகர்கோவில் பஸ்ஸில் மைனி, அதாவது அண்ணன் மனைவி, காதோரம் சொன்னார்: "ஏட்டி, மாப்பிள்ளை வீட்டுல கேட்டா மக ஜெட்டு செய்யான்னு சொல்லு. காத்தாடி பிளைட்டுன்னு சொல்லிராத."

என் மகள் பெங்களூரில், சிறு ஊர்களுக்கான பயணிகள் விமானத்தின் புரொப்பெல்லரை வடிவமைக்கிறாள். எங்கள் ஊரில் மின்விசிறியும் காத்தாடி, அதுவும் காத்தாடி.

"ஜெட்டு இறங்க முடியாத ஊர்லயும் இது இறங்கும், மைனி."

"அதைக் கல்யாணம் முடிஞ்ச பெறவு சொல்லலாம்."

பஸ்ஸிலிருந்தே மாப்பிள்ளையின் அம்மாவை அழைத்தேன். "எங்க மக செய்யது காத்தாடி பிளைட்டுதான். கல்யாணத்துக்குப் பெறவும் அதைத்தான் செய்வா."

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டார். மைனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சம்பந்தம் நின்றால் நிற்கட்டும். காத்தாடி நிற்காது.

அது சரி, இந்த வெயிலுக்கு உங்கள் வீட்டில் தலைக்கு மேல் சுற்றுவது ஜெட்டா?